குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கள்: கடை முதலாளிகளுக்கு ஒரு பழைய மைக் செட்காரரின் திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் நடத்தும் முதலாளிகளுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

ஐயா, வணக்கம்.

நான் துறையூர் பக்கத்து ஆள். 1975ல், 16 வயதில், தாய்மாமாவிடம் மைக் செட் வேலைக்குப் போனேன். அப்புறம் சொந்தமாக ஒரு சவுண்ட் சர்வீஸ் வைத்து 2012 வரை ஓட்டினேன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு வீடு என்று எங்கள் வட்டாரத்தில் நான் குழாய் ஸ்பீக்கர் கட்டாத வேப்பமரம் குறைவு. சத்தம் என்றாலே ஆகாத ஒரு கிழவன் புலம்புகிறான் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். சத்தத்தை வாடகைக்கு விட்டுச் சோறு தின்றவன் எழுதுகிறேன்.

காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்கும் வரை உங்கள் கடைகளில் ஓடுகிறதே பாட்டு, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன சித்திரையில் பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருச்சிக்குப் போனோம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற கடைக்காரர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு பாக்ஸ், இரண்டும் ரோட்டைப் பார்த்து. பக்கத்துக் கடையிலும் அப்படியே. எதிர்க்கடையில் இன்னொன்று. மூன்று கடையிலும் மூன்று பாட்டு. நடுவில் நிற்பவனுக்கு மூன்றில் ஒன்றும் விளங்காது, தாளம் மட்டும் நெஞ்சில் இடிக்கும். திருவிழாவில் இரண்டு மைக் செட் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் நாங்களே வெட்கப்பட்டு, நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று பேசி முடித்துக்கொள்வோம். அந்த நாகரிகம்கூட அந்தத் தெருவில் இல்லை.

உள்ளே போனால் தப்பிக்கலாம் என்று பார்த்தால், மூன்றாவது மாடி பட்டுப் பிரிவில் சீலிங் முழுக்க ஸ்பீக்கர். எனக்கு இரண்டு காதிலும் மிஷின். குழாய்க்குப் பக்கத்தில் நின்று சம்பாதித்த சொத்து அது. விற்பனைக்கு நின்ற பெண் என்னவோ கேட்டாள். எனக்கு, "மோட்டார் பெருசா வேணுமா, சிறுசா வேணுமா?" என்று கேட்டது.

"மோட்டாரா? நாங்க புடவை எடுக்க வந்தோம்மா."

அவள் கேட்டது பார்டர். என் வீட்டுக்காரி சிரித்துத் தீர்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் விலை கேட்கும் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் ஒரு விலை சொல்ல, எனக்கு ஒன்று கேட்க, வீட்டுக்காரிக்கு வேறொன்று கேட்க, கடைசியில் அந்தப் பிள்ளை கால்குலேட்டரில் தட்டிக் காட்டினாள். பட்டுப்புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தடவிப் பார்த்து, நாலு பேர் நாலு விதமாகப் பேசி, ஒரு சம்மதத்துக்கு வந்து எடுக்க வேண்டாமா? நாங்கள் ஊமை ஜாடையில் எடுத்தோம். மூன்று புடவை எடுப்பதாகத்தான் கிளம்பினோம். முகூர்த்தப் புடவை ஒன்றோடு, "தலை வலிக்குது, வாங்க போகலாம்" என்று வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். மற்ற இரண்டையும் துறையூரிலேயே ஒரு சின்னக் கடையில், மின்விசிறி சத்தத்தில் எடுத்தோம். நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது கேட்காதவன் சொல்லுவதை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு விஷயம் சொல்கிறேன். வயதாகும்போது காதில் முதலில் போவது கீச்சு ஒலிகள். பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை நின்றுவிடும். க, ச, த, ப என்று வார்த்தையை வெட்டிப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள்தான் கரைந்து போகும். அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. அதன்மேல் பாட்டையும் ஊற்றினால் மிச்சமிருக்கும் மெய்யெழுத்தும் மூழ்கிவிடும். மிஷின் மாட்டினால் சரியாகிவிடாதா என்றால், எது பாட்டு, எது அந்தப் பெண்ணின் குரல் என்று அது முழுக்கப் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் சேர்த்தே தூக்கிக் கொடுக்கும். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, பேரனுக்குச் செயின் எடுக்க, காசு முடிச்சை அவிழ்க்கிறவர்கள் யார்? பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள்தான். எங்கள் காதைக் கெடுத்துவிட்டு எங்களிடமே வியாபாரம் பேசுகிறீர்கள்.

நல்ல காது உள்ளவர்களுக்கும் இதில் பாடு இருக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். 1911லேயே எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் இதை எழுதி வைத்துவிட்டார். அவர் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். படிக்காமலே எனக்கு அது தெரியும். பந்தியில் ஸ்பீக்கரை ஒரு புள்ளி ஏற்றினால் சாம்பார் கேட்கிறவன் இரண்டு புள்ளி ஏறிக் கத்துவான். உங்கள் கடையிலும் அதுதான் நடக்கிறது. பாட்டு ஏற, வாடிக்கையாளர் குரல் ஏற, பாட்டு கேட்கவில்லையே என்று யாரோ இன்னும் ஏற்ற, சாயங்காலம் ஆறு மணிக்கு மாடி முழுவதும் சண்டை நடப்பது போல இருக்கிறது. ஜவுளிக்கடையாவது தேவலை, அடுக்கி வைத்த துணியே கொஞ்சம் சத்தத்தைக் குடித்துவிடும். நகைக்கடை இருக்கிறதே, தரை கிரானைட், சுவர் கண்ணாடி, மேஜை கண்ணாடி. ஒலி போய் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கிடையாது. அங்கே போய்ச் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை விழுக்காடு என்று நுணுக்கமாகக் கேட்டுப் பாருங்கள். சேதாரம் காதில் விழாமலிருக்கத்தான் பாட்டு போடுகிறார்களோ என்று என் வீட்டுக்காரிக்கு ஒரு சந்தேகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் அவள் சொன்னதை எழுதிவிட்டேன்.

இதுவரை சொன்னது எங்கள் கஷ்டம். நாங்கள் இரண்டு மணி நேரத்தில் படி இறங்கிவிடுகிறோம். அந்தப் பெண்?

புடவை மடித்துக்கொண்டிருந்தவளிடம், "நாள் முழுக்க இதைக் கேட்டுக்கிட்டா இருக்கே?" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாட்டுகூடப் பரவாயில்ல தாத்தா. நடுநடுவுல நம்ம கடை விளம்பரம் வருது பாருங்க, அது தூக்கத்துலயும் ஓடுது." நாங்கள் இருந்த நேரத்தில் அது கால் மணிக்கு ஒரு தரம் வந்தது. காலை பத்திலிருந்து இரவு பத்து வரை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 48 தடவை. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,248 தடவை. அந்த விளம்பரத்தில் நடித்த நடிகைகூட அதை அத்தனை தடவை கேட்டிருக்க மாட்டார்.

கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமே என்று மாடி சூப்பர்வைசரிடம் போனேன். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். "ஹெட் ஆபீஸ்லருந்து வருதுங்கய்யா, இங்க குறைக்கிற வசதி கிடையாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் எத்தனையோ சண்டைகளுக்கு நடுவில் நான் செட் போட்டிருக்கிறேன். ஆனால் வால்யூம் திருகு என் கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் இருந்தது. ஒருத்தர் வந்து கேட்டால் குறைக்கிறேன், முடியாது என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தான். உங்கள் கடையில் ஆறு மாடி, நூற்றுக்கணக்கான ஆட்கள். அந்தத் திருகு மட்டும் எங்கேயோ வேறு ஊரில் இருக்கிறது.

2021ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த விற்பனைப் பெண்களுக்கும் பையன்களுக்கும் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னால் கேரளத்தில் வந்திருந்தது. உட்கார்ந்தால் வியாபாரம் என்ன ஆகும் என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு. ஸ்டூல் போட்டார்கள், வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காலுக்குக் கிடைத்தது காதுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டீக்கடையில் ரேடியோ பாடவில்லையா, சலூனில் பாடவில்லையா, கடையில் பாட்டு என்பது நம் ஊர் வழக்கம்தானே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. நானே சிலோன் ரேடியோ கேட்பதற்கென்று டீக்கடைக்குப் போனவன்தான். ஆனால் நாங்கள் அங்கே பாட்டுக்குப் போனோம், டீ ஒரு சாக்கு. பாட்டு வந்தால் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். யார் பாடியது, யார் இசை என்று பந்தயம் நடக்கும். உங்கள் மாடியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதை ஒருவராவது கவனித்தாரா? நான் மைக் செட்டுக்கு வந்த காலத்தில் இசைத்தட்டு. பிளேட்டு என்போம். பழைய தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம். முடிந்ததும் ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, மறுபடி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எங்கே என்று தேடுவார்கள், சமையல்காரர் உப்பு கேட்பார், கைக்குழந்தை அழுவது தாய்க்குக் கேட்கும். பென் டிரைவ் வந்ததும் அந்த இடைவெளி போய்விட்டது. அதைக் கொண்டு வந்ததில் எனக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை.

பின்னணி இசையை ஒரு சரக்காகவே விற்றவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். மியூசாக் என்று கம்பெனி, 1934ல் தொடங்கியது. தொடங்கியவர் ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் என்ற ராணுவ ஜெனரல். மியூசிக்கையும் கோடாக் என்ற கேமரா கம்பெனிப் பெயரையும் ஒட்டி அந்தப் பெயர் வைத்தார் என்பார்கள். கம்பி வழியாகத் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் பாட்டு அனுப்புவதுதான் தொழில். அவர்களே என்ன செய்தார்கள் தெரியுமா? கால் மணி நேரம் பாட்டு, கால் மணி நேரம் மௌனம் என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். நிறுத்தாமல் பாடினால் காது மரத்துவிடும் என்பது பாட்டு விற்ற கம்பெனிக்கே தெரிந்திருந்தது.

பாட்டு போட்டால் விற்பனை கூடும் என்று யாரோ உங்களிடம் சொல்லி ஸ்பீக்கர் விற்றிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் பெரும்பாலும் 1982ல் ரொனால்ட் மில்லிமன் என்பவர் ஓர் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் செய்த ஆய்வு. மெதுவான இசை ஓடிய நாட்களில் ஜனங்கள் மெதுவாக நடந்தார்கள், வேகமான இசை ஓடிய நாட்களைவிட விற்பனை 38 விழுக்காடு கூடியிருந்தது. கவனியுங்கள், அவர் ஒப்பிட்டது மெதுவான பாட்டையும் வேகமான பாட்டையும். நீங்கள் போடுவது எது? குத்துப்பாட்டு. அந்த ஆய்வை நம்பினால் நீங்கள் காசு கொடுத்து ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்று பெரிய கடைத்தொடர், துணியும் உணவும் விற்கிறது. 2016ல் வாடிக்கையாளரும் வேலையாட்களும் கேட்டுக்கொண்டதால் அந்த நாட்டுக் கடைகளில் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். மிரட்டுவதற்காக எழுதவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் முழுசாகாது. ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தன. கடைத்தெருப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 55. குடியிருப்பில் 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு அதைவிடக் குறைவு. தனியார் இடத்தில் ஓடும் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. ஓர் ஆள் மூன்றடி தள்ளி நிற்பவரிடம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல். ஆகவே உங்கள் வாசலில் பக்கத்து ஆளிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், மீட்டர் இல்லாமலே விஷயம் விளங்கும். ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டு நாள் திருவிழாவுக்கு நான் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்து பர்மிஷன் சீட்டு வாங்கியிருக்கிறேன். வருஷம் முழுக்க வாசலில் பாக்ஸ் வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேரிடம் அந்தச் சீட்டு இருக்கிறது?

உச்ச நீதிமன்றம் இரண்டு தடவையாவது இதைப் பேசியிருக்கிறது. ஒரு தடவை 2000ல், நம் சென்னை மாதவரம் பக்கத்து வழக்கில். அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துத் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றார்கள். 2005 ஜூலையில் தலைமை நீதிபதி லகோட்டி அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பேசுகிறவனுக்குப் பேசும் உரிமை இருப்பது போல, கேட்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை மற்றவனுக்கு உண்டு, யாரையும் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க முடியாது என்ற கருத்தில் தீர்ப்பு எழுதினார்கள். சாமி கும்பிடுவதற்கே அந்த உரிமை இல்லையென்றால், தள்ளுபடி விற்பனைக்கு எங்கிருந்து வரும்?

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. மார்கழி முப்பது நாளும் காலை நாலரை மணிக்குக் கோயில் குழாயில் பாட்டைப் போட்டவன் நான். பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்த தெருவில் ராத்திரி ஒரு மணி வரை ஓட்டியிருக்கிறேன். அந்தப் பாவமெல்லாம் இப்போது காதுக்குள் விடாமல் ஒரு ரீங்காரமாக நிற்கிறது. ஒன்றே ஒன்று நினைவில் நல்லபடியாக இருக்கிறது. 80களில் ஒரு திருவிழா. குளத்துக்கரை அரச மரத்தில் குழாய் கட்டியிருந்தேன். பக்கத்து ஓட்டு வீட்டிலிருந்து ஒரு பாட்டி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். உள்ளே அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. பாட்டை நிறுத்து என்று அவள் கேட்கவில்லை. "தம்பி, அந்தக் குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வையேன்" என்றாள். ஏறி, இரண்டு நட்டைத் தளர்த்தி, குளத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. திருவிழாவில் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நானும் உங்களிடம் அந்தப் பாட்டி அளவுக்குத்தான் கேட்கிறேன்.

வாசலில் இருக்கும் பாக்ஸை எடுத்துவிடுங்கள். ரோட்டில் போகிறவன் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, அவன் பாட்டுக்கு பஸ்ஸைப் பிடிக்கப் போகிறான். விளம்பரப் பாட்டை நிறுத்துங்கள். கடைக்குள் வந்துவிட்டவனுக்குக் கடையின் பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? பட்டு எடுக்கும் மாடி, நகை எடைபோடும் மேஜை, பில் கவுண்டர், இந்த மூன்று இடத்திலும் முழு அமைதி வேண்டும். எண்ணிக்கை சரியாகக் கேட்க வேண்டிய இடங்கள் அவை. மற்ற மாடிகளில் காலை கடை திறந்து முதல் இரண்டு மணி நேரம் பாட்டு இல்லை என்று வாசலில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். காது மிஷின் போட்டவர்கள், சத்தம் தாங்காத ஆட்டிசம் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்கள், கைக்குழந்தைக்காரர்கள் அந்த நேரம் பார்த்து வருவார்கள். எப்படியும் உங்களுக்குக் காலையில் கூட்டம் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வால்யூம் திருகு வையுங்கள், அது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் கைக்கு எட்டட்டும். தீபாவளிக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் கடையில் கலகலப்பு வேண்டும் என்றால், நாயனக்காரர்களைக் கூப்பிட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிக்க வையுங்கள். நாலு பேருக்குக் கூலி கிடைக்கும், ஜனம் நின்று கேட்கும், முடிந்ததும் முடிந்துவிடும்.

தொழில்காரனாக ஒரு குறிப்பு. சிஸ்டத்தை மாற்ற லட்சக்கணக்கில் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீலிங் ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் பின்னாலும் பெரும்பாலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதில் 6 வாட், 3 வாட், ஒன்றரை வாட் என்று தனித்தனி முனை. ஒயரைக் கழற்றி ஒரு முனை கீழே மாட்டினால் 3 டெசிபல் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் இறக்க வேண்டும், அதற்கு ஆம்ப்ளிஃபயரிலும் கொஞ்சம் கை வைக்க வேண்டும். ஒரு மாடிக்கு ஒரு காலை நேரம் போதும்.

உங்களுக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் நான் வருகிறேன். துறையூரிலிருந்து திருச்சிக்கு முதல் பஸ்ஸில் ஏறினால் நீங்கள் கடை திறப்பதற்குள் வந்துவிடலாம். (அந்த பஸ்ஸில் ஓடும் பாட்டைப் பற்றி பஸ் முதலாளிகளுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டியிருக்கிறது.) கூலி வேண்டாம், ஒரு டீ போதும். ஸ்க்ரூ டிரைவர் என்னுடையது இருக்கிறது. ஏணி மட்டும் உங்கள் கடையில் எடுத்து வையுங்கள். இந்த வயதில் ஏணியோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மைக் செட்காரர்,
துறையூர்